பெரிய வெள்ளிக்கு எந்தக் குழல்

தாரிணி, நீ இந்நேரம் ஓமானில், சலாலாவில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பாய். காலையில் இதைப் பார்த்ததும் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அம்மா டூட்டி முடிந்து வந்து பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரும் திட்டவில்லை, பரீட்சையும் இல்லை. இன்று சாயங்காலம் சர்ச்சில் நடந்ததை நினைத்துத்தான் பயம். அது கெட்டதாக இருந்திருந்தால் அம்மாவிடமே சொல்லியிருப்பேன். நல்லதை நினைத்துப் பயப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

என் நீளக் குழலை உனக்குத் தெரியும். நீ இங்கே ஷார்ஜாவில், முவைலாவில் எங்களுக்குக் கீழ்த் தளத்தில் இருந்தபோது வாங்கியது. லோ விசில் என்று நான் சொன்னதும் குக்கர் விசிலா, கண்டக்டர் விசிலா என்று கேட்டவள் நீ. அப்பா அதைவிட மோசம். அல் கூஸில் ஏசி மெக்கானிக்காக இருப்பவர் கண்ணுக்கு அது தண்ணீர் வடிகிற பைப். எந்த வீட்டில் கழற்றியது என்று கேட்டார்.

அது அலுமினியம். கிட்டத்தட்ட என் கை நீளம். ஆறு துளைகளும் தள்ளித் தள்ளி இருப்பதால் விரல் நுனி எட்டாது, விரலின் நடுப்பகுதியை வைத்துத்தான் மூட வேண்டும். ஆறையும் இடுக்கில்லாமல் மூடிக்கொண்டு மெதுவாக ஊதினால் அடியிலிருந்து ஒரு சத்தம் வரும். அது காதுக்கு முன்னால் நெஞ்சு எலும்புக்குத்தான் கேட்கும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் ஸ்கூலில் மிஸ் ஓர்லாவின் குழல் கிளப்பில் சேர்ந்தேன். மிஸ் அயர்லாந்தில் கடலோர ஊர்க்காரர். அவர்கள் ஊர்ப் பழைய பாட்டுகளில் தாளமே இல்லாத சில உண்டு. செத்தவர்களுக்காக அழுகிற பாட்டுகள். அதில் ஒன்றை மிஸ் வாசித்த அன்று எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்த அழுகையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இன்பமணி ஆன்ட்டி பாடும்போது.

கிறிஸ்மஸுக்கு உங்கள் வீட்டுக்கு முந்திரிக்கொத்து கொண்டுவந்தாரே, அந்த நர்ஸ் ஆன்ட்டிதான்.

உனக்கு எங்கள் வழக்கம் தெரியாது, அதனால் சொல்கிறேன். இயேசு சிலுவையில் இறந்த நாளைப் பெரிய வெள்ளி என்போம். அன்று சாயங்காலம் சிலுவையிலிருந்து இயேசுவின் சுரூபத்தை இறக்கி, வெள்ளைத் துணி விரித்த கட்டிலில் கிடத்துவார்கள். எல்லாரும் வரிசையில் வந்து பாதத்தில் முத்தம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கம் ஒரு பெண் மாதாவின் இடத்தில் நின்று ஒப்பாரி வைப்பாள். சாப்பிட்டாயா மகனே, உன் சட்டையை யார் கழற்றினார்கள், தாகமென்று சொன்னாயாமே, யாரிடம் சொன்னாய் என்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போவாள். கூட்டம் பதில் சொல்லாது. ஒவ்வொரு கேள்வியின் கடைசி இழுப்பை மட்டும் அவளோடு சேர்ந்து இழுக்கும்.

ஷார்ஜாவில் எங்கள் தமிழ் வழிபாட்டில் இதைத் தொடங்கி வைத்தவர் ஆன்ட்டிதான். தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் வந்து இறங்குகிற அண்ணன்மார் கழுத்தில் ஐடி கார்டு தொங்க நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஆன்ட்டிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டியோடு குரலும் போய்விட்டது. பேசினால் காற்று மட்டும் வருகிறது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த அளவுக்கு இழுத்துப் பாட வேறு யாருக்கும் வராது. கமிட்டித் தலைவர் ததேயுஸ் அங்கிள் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் யாரோ பாடிய ஒப்பாரி அவர் போனில் இருக்கிறது, அதை ஸ்பீக்கரில் போட்டுவிடலாம் என்றார். அங்கிள் கெட்டவர் இல்லை. நேரத்துக்கு முடிய வேண்டும் அவருக்கு. நாங்கள் முடிப்பதற்குள் அடுத்த வழிபாட்டுக்கு மலையாளிகள் கேட்டில் வந்து நின்றுவிடுவார்கள். ஆனால் ஆன்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் ரெக்கார்டு ஓடிவிட்டால் அப்புறம் எல்லா வருஷமும் அதுதான் ஓடும், பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டார். சொன்னது எங்கள் வீட்டு ஹாலில் வைத்து. நான் சமையலறையில் நின்று மிஸ் ஓர்லா கொடுத்த பாட்டை ஊதிக்கொண்டிருந்தேன். பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆன்ட்டி வாசலில் நிற்கிறார்.

"இந்தக் கொழலுக்கு எனக்க தொண்டை இருக்கு மக்ளே" என்றார், வெறும் காற்றாக.

பெரிய வெள்ளிக்குத் தனக்குப் பதில் நான் ஊத வேண்டும் என்று கேட்டுவிட்டார், தாரிணி. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய வருஷத்து வீடியோக்களைப் போட்டுக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். ஆன்ட்டியின் குரல் ஒவ்வொரு கேள்வி முடிவிலும் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். விரலைத் துளையிலிருந்து சட்டென்று எடுக்காமல் உருட்டி நகர்த்தினால் குழலும் அப்படியே இறங்கியது. எனக்கே நம்ப முடியவில்லை.

ஒரே தடை, குழல் உலோகம்.

வியாழன் ராத்திரியோடு சர்ச்சில் மணி நின்றுவிடும். ஈஸ்டர் வரை அடிக்க மாட்டார்கள். மணி அடிக்க வேண்டிய இடங்களில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். சர்ச்சில் அவ்வளவுதான். ஆன்ட்டியின் ஊரில் அது இன்னும் கடுமை. பெரிய வெள்ளியன்று எந்த உலோகமும் சத்தம் போடக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் கொலுசைக் கழற்றிவிடுவார்கள். படகு நங்கூரத்தின் சங்கிலியைக்கூடச் சாக்கில் சுற்றிக் கிடத்துவார்களாம். ஆன்ட்டி இங்கே இத்தனை வருஷமாகியும் அன்று வீட்டுச் சாவியைக் கைக்குட்டையில் பொதிந்துதான் பையில் வைப்பார். அவரிடம் போய் அலுமினியக் குழலை எப்படி நீட்டுவது?

மிஸ் ஓர்லாவிடம் கேட்டேன். தன்னுடைய மரக் குழலைக் கடன் கொடுத்தார். கறுப்பு மரம், வாய் வைக்கும் இடத்தில் மட்டும் வெளிர் நிறம். கையில் வாங்கும்போது குழந்தையை வாங்குகிற மாதிரி இருந்தது. மரத்துக்கும் உலோகத்துக்கும் சத்தத்தில் வித்தியாசமே இல்லை, உள்ளே குடைந்திருக்கும் அளவுதான் எல்லாம் என்று மிஸ் ஊரில் ஒரு கட்சி உண்டாம். கேட்டால் ராத்திரி முழுக்கச் சண்டை போடுவார்களாம். நான் எந்தக் கட்சியும் இல்லை, உன் காதோடு எனக்குத் தகராறு வேண்டாம் என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சில விஷயம் சொன்னார். தினமும் கொஞ்ச நேரம்தான் ஊத வேண்டும். வெயிலில், காரில் வைக்கக் கூடாது. காய்ந்த காற்று நேராக அடிக்கிற இடத்திலும் வைக்கக் கூடாது.

மரக் குழலோடு பிராக்டிஸுக்குப் போன அன்று சர்ச் ஹாலில் ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டையும் மாற்றி மாற்றி ஊதச் சொன்னார். அலுமினியக் குழலில் சத்தம் சுத்தமாக, தூரமாகப் போகும். மரத்தில் ஓரங்களில் கொஞ்சம் பிசிறு இருந்தது, ராத்திரி முழுக்க அழுதவள் தொண்டை மாதிரி. அலுமினியத்தைக் காட்டி, அது ஆஸ்பத்திரி போல இருக்கிறது, டெட்டால் போட்டுத் துடைத்தது மாதிரி என்றார் ஆன்ட்டி. மரத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். அதோடு முடிவாகிவிட்டது.

ததேயுஸ் அங்கிளும் ஒரு கண்டிஷனோடு ஒத்துக்கொண்டார். ரெக்கார்டை ஸ்பீக்கரில் இணைத்துப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நான் நிறுத்தினால் உடனே அமுக்கிவிடுவார்.

"அத்தன சனத்தையும் வச்சிக்கிட்டு சும்மா நிக்க முடியாது பிள்ள. பாத்து ஊதிக்க" என்றார்.

நேற்று ராத்திரி வியாழக்கிழமைப் பூசைக்குப் போகும்போது குழலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். அப்பாவிடம் ஒன்று சொல்லியிருந்தேன், இது சூடாகக் கூடாது என்று. மீதியைச் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த உலகத்தில் கெடாமல் இருக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரே இடம்தான். மாத்திரை, சாக்லேட், ஊருக்குக் கட்டும் அத்தர், அம்மாவின் பட்டுப்புடவை எல்லாம் ஏசிக்குக் கீழே உள்ள அலமாரித் தட்டில். குழலையும் துணியிலிருந்து எடுத்து, காற்று நன்றாகப் படட்டும் என்று அந்தத் தட்டில் கிடத்தி, ஏசியை இருக்கிற குளிரிலேயே கடைசிக் குளிரில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். நான் வந்து மேஜையைப் பார்க்காமலே தூங்கிவிட்டேன்.

காலையில் எடுத்தேன். வாய்ப்பக்கத்திலிருந்து முதல் துளைவரை முடி மாதிரி ஒரு கோடு. முடிதான் ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் தள்ளிப் பார்த்தேன். போகவில்லை. ஊதினேன். மேல் சத்தங்கள் வந்தன. அடிச் சத்தம் வரவேயில்லை. மூச்சு மட்டும் வந்தது, ஆன்ட்டி பேசுகிற மாதிரி.

அப்பா பெட்டியிலிருந்து பைப்புக்குச் சுற்றுகிற டேப்பை எடுத்துவந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடிச் சத்தம் ஒரு நொடி வந்து போய்விட்டது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏசியில வச்சா எதுவும் கெட்டுப்போகாதுன்னுல்ல நெனச்சேன் மக்ளே" என்றார்.

இரண்டு குழலையும் எடுத்துக்கொண்டு போனேன். சர்ச் கேட்டில் செக்யூரிட்டி என் பையைத் திறந்து, யே க்யா ஹை, இது என்ன என்று அலுமினியக் குழலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். அப்பா, பஜானே வாலா பாய், வாசிக்கிறது என்று சொல்லிக் குழலைத் தானே வாங்கிப் பையில் வைத்தார். உள்ளே ஒரே கூட்டம். வளாகம் முழுக்கக் கொட்டகை போட்டிருந்தார்கள். பெரிய பெரிய ஃபேன்கள் ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தன. பாடகர் குழு மட்டும் முறை வரும்வரை ஏசி ஹாலில்.

ஆன்ட்டி விரிசல் மேல் விரல் நுனியை வைத்துக் கடைசிவரை நகர்த்தினார். ஊசி குத்த நரம்பு தேடுகிற மாதிரி. நான் அலுமினியக் குழலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ரெக்கார்டே போடட்டும் ஆன்ட்டி என்றேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வெளியே பார்த்தாயானால் உனக்குப் புரியும். தலை, தலை, தலை. அவர்கள் முன்னால் நான் எதற்கு?

ஆன்ட்டி என் பையைத் தானே திறந்து குழலை எடுத்தார். ஹால் குளிரில் அது ஐஸ் மாதிரி இருந்தது. இதே குளிரோடு வெளியே ஈரக் காற்றுக்குள் கொண்டுபோனால் உள்ளே தண்ணீர் கோத்து அடைத்துக்கொள்ளும், அது எனக்குத் தெரியும். ஆன்ட்டிக்குத் தெரியுமா என்று தெரியாது. சால்வையை அவிழ்த்துக் குழலைச் சுற்றினார். வாய்ப்பக்கத்தைத் தன் கழுத்தில், ஆபரேஷன் தழும்பு மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டார். வெளியே இயேசு பட்ட பாடுகளின் வரலாறு வாசித்து முடிகிறவரை அசையாமல் அப்படியே நின்றார். கைக்குட்டைச் சாவிப் பொதி திறந்த கைப்பையோடு அவர் காலடியில் கிடந்தது. நான் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் முறை. குழலை என் கையில் கொடுத்தார். உடம்புச் சூடு இருந்தது அதில்.

"மணி அடிச்சா கத்தும். இது மூச்சு விட்டாத்தானே மக்ளே பேசும். போ."

போனேன். சுரூபம் கட்டிலில் கிடந்தது. முத்தத்துக்கு வரிசை கேட்டுவரை நின்றது. ததேயுஸ் அங்கிள் மைக் பெட்டிப் பக்கத்தில், போனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார். ஆன்ட்டி என் பக்கத்தில், எப்போதும் பாடுகிற இடத்தில்.

முதல் கேள்வியை ஊதினேன். சாப்பிட்டாயா மகனே. வார்த்தை இல்லாமல். சத்தம் கொட்டகையைத் தாண்டிப் போவது எனக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரி மாதிரி இல்லை, தாரிணி. அது என்னவாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, ஃபேன் சத்தம், அதற்கு மேலே இது. இரண்டாவது கேள்வி ஊதினேன். குழல் ஊதும்போது ஊதுகிறவளுக்கு வேறு எதுவும் கேட்காது, மண்டைக்குள் அதுவே நிறைந்திருக்கும். கூட்டம் கடைசி இழுப்பை இழுக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இழுக்கவில்லை என்றே நினைத்தேன். கண்ணை விரல்களை விட்டு எடுக்கவில்லை.

மூன்றாவது கேள்வியின் நடுவில் தண்ணீர் கோத்துவிட்டது. சத்தம் உடைந்து, உஸ் என்று காற்றானது.

நிறுத்திவிட்டேன். ததேயுஸ் அங்கிளின் விரலைத்தான் முதலில் பார்த்தேன், அது போனை அமுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி இழுப்பை மட்டும் இல்லை, முழுக் கேள்வியையும். எப்போதும் ஒரு பெண் மட்டும் பாடுகிற வரிகளை அத்தனை ஆண்களும், வாயை முழுக்கத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே பாடினார்கள். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்தது. என் செருப்புக்குள் அதிர்ந்தது. முதல் கேள்வியிலிருந்தே பாடியிருக்கிறார்கள். எனக்குத்தான் கேட்கவில்லை. அந்த வரிகள் அவர்களுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டா நின்றார்கள்? அடுத்த கேள்வியை யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. கொட்டகையின் நடுவிலிருந்து வந்தது. தாகமென்று சொன்னாயாமே. கேட்டில் காத்து நின்ற மலையாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவர்களும் ஏதோ முனகிக்கொண்டிருந்தார்கள்.

ஓடிவிடலாம் போல இருந்தது. இது இவ்வளவு பெரியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

ஆன்ட்டி என் முழங்கையைத் தொட்டார். குழலின் வாயில் உதட்டை வைத்து ஒரே இழுப்பாகத் தண்ணீரை உறிஞ்சித் துப்பினேன். அவர்கள் பாடுகிற மேல் சுரத்துக்குப் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. ஆறு துளையையும் மூடி, அடிச் சத்தத்தை மட்டும் ஊதினேன். அது அவர்களுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. மூச்சு முடிந்தால் எடுப்பேன், திரும்ப அதையே ஊதுவேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஆன்ட்டி வாய் திறந்து பாடிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. ஒரு கை தழும்பில் இருந்தது. அவர் கேட்க வேண்டிய கேள்விகளைக் கொட்டகை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் முகத்தை நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

ததேயுஸ் அங்கிளின் போன் திரை எப்போதோ அணைந்துவிட்டிருந்தது. அவரும் பாடிக்கொண்டிருந்தார், சுருதியே இல்லாமல்.

முடிந்த பிறகு என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரிய வெள்ளியன்று பேசாமல்தான் கலைவார்கள். கேம்ப் பஸ்கள் வரிசையாக வெளியே போயின. ஆன்ட்டி சால்வை நுனியால் குழலைத் துடைத்து என் பையில் வைத்தார். சாவிப் பொதியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அடுத்த வருசமும் இதயே கொண்டுவா மக்ளே. எனக்கக் கொரல் வந்தாலும் கொண்டுவா."

வீட்டுக்கு வந்ததும் அப்பா தட்டிலிருந்த எல்லாவற்றையும், பட்டுப்புடவை உட்பட, ஏசிக்குக் கீழிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தார். திங்கட்கிழமை அவரே ஸ்கூலுக்கு வந்து மிஸ் ஓர்லாவிடம் சொல்லப்போகிறாராம். கண்ணாடி முன்னால் நின்று, சாரி மேடம், மை மிஸ்டேக், ஐ கீப் இன் ஏசி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது.

குழல் இப்போது என் தலையணைப் பக்கத்தில் கிடக்கிறது. துளைகள் அழுத்திய வட்டங்கள் விரல்களில் இன்னும் சிவப்பாக இருக்கின்றன. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இருட்டில் ஆறு துளையையும் மூடிப் பிடித்துப் பார்த்தேன். வாயில் வைத்தேன். அவ்வளவு பேரும் இதற்குள் இருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது.

ஊதவில்லை, தாரிணி. நாளைக்கு உனக்கு லீவ்தானே? மேலே எழுதியதை விடு, நீ எழுந்ததும் கூப்பிடு. போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஊதுகிறேன், நீ கேட்டுக்கொண்டிரு. தனியாக எனக்குப் பயமாக இருக்கிறது.